தன்வரலாற்றில் ‘நான்’: திருச்சுழி வறள்நிலமும் பௌத்த அநித்தக் கோட்பாடும்

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், மதுரையில் தம் சிறிய தகப்பனார் வீட்டில் தங்கிப் படித்துவந்த பதினாறு வயது மாணவர் ஒருவர் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டைத் துறந்து சென்றார். 1879இல் திருச்சுழியில் பிறந்து, அவ்வூரில் வழக்குரைஞராக இருந்த தந்தை சுந்தரமையர் 1892இல் மறைந்தபின் மதுரைக்கு வந்த வேங்கடராமன் என்னும் அம்மாணவரே பின்னாளில் ரமண மகரிஷி என அறியப்பட்டவர். அக்கடிதத்தில் மொழி நோக்கில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. முதல் வாக்கியம் ‘நான்’ என்னும் தன்மைப் பெயரோடு தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்தில் அந்த ‘நான்’ இல்லை. அதே ஆளைச் சுட்ட ‘இது’ என்னும் அஃறிணைச் சுட்டு வந்துவிடுகிறது. இறுதியில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அதற்குக் கீழே, தமையனின் கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதும் இரண்டு ரூபாய் உடன் வைக்கப்பட்டுள்ளது என்பதுமான குறிப்பு.

இக்கடிதம் பெரும்பாலும் சமய வரலாற்றின் எல்லைக்குள் வைத்தே படிக்கப்படுகிறது. தன்வரலாற்று இலக்கியத்தை ஆராய்வோரும் இதனை எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். தன்னைப் பற்றி எழுதுகிற ஒருவன், எழுதிக்கொண்டிருக்கும்போதே தன்னைக் குறிக்கும் சொல்லை மாற்றிக்கொள்வது தன்வரலாறு என்னும் இலக்கிய வகையின் அடித்தளத்தைத் தொடுகிற நிகழ்ச்சியாகும். ‘இன்னான் எழுதினான்’ என்னும் உறுதியின் மேல்தான் அவ்வகை நிற்கிறது. இங்கோ இரண்டாம் வாக்கியத்திலேயே அவ்வுறுதி கழன்றுவிடுகிறது. ஆயினும் இதனைப் பௌத்தச் சான்றாகக் காட்டுதல் பிழையாகும். ரமணர் பின்னாளில் எழுப்பிய ‘நான் யார்’ என்னும் வினா மாறாத ஆன்மாவை நோக்கிச் செல்வது. பௌத்தமோ அத்தகைய நிலைபேறுடைய பொருள் ஒன்று உண்டு என்பதையே மறுப்பது. இருவழியும் ‘நான்’ என்னும் சொல்லை ஐயுறுவதில் ஒன்றுபட்டு, அதன்பின் பிரிகின்றன. அந்த ஐயம் தமிழ்த் தன்வரலாற்று ஆய்வில் ஏன் இடம்பெறவில்லை என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

இருப்புக் கிடங்கு வாசிப்பு

தன்வரலாறுகளைப் பற்றித் தமிழ்த்துறைகளில் அளிக்கப்படும் ஆய்வேடுகளின் இயல் பகுப்பு நன்கு அறியப்பட்டது. உணவு, உடை, நம்பிக்கை, திருவிழா, சடங்கு, வட்டாரச் சொற்கள் என நூலாசிரியரின் நினைவு பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டு அடுக்கப்படும். நினைவு என்பது பண்டங்கள் கெடாமல் கிடக்கும் ஒரு கிடங்கு. ஆய்வாளர் உள்ளே சென்று பட்டியல் எடுத்து வருகிறார். இம்முறையால் பயன் இல்லை என்று கூறுவதற்கில்லை. கரிசல் வட்டாரத்தின் பல சொற்களும் வழக்கங்களும் இவ்வாறுதான் பதிவாயின. ஆனால் எழுபது வயதில் எழுதுகிற கை, ஏழு வயதுச் சிறுவனின் கையன்று என்னும் எளிய உண்மை இப்பட்டியலில் காணாமற் போகிறது. அறுபது ஆண்டு இடைவெளியில் நினைவுக்கு நேர்ந்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இதற்குத் தமிழ்க் கவிதை மரபே ஒரு வகையில் காரணமாதல் கூடும். நிலையாமை என்பது தமிழில் பழகிப்போன பொருள். காஞ்சித்திணை அதனைப் பேசுகிறது. திருக்குறள் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளது. நாலடியார் செல்வம், இளமை, யாக்கை என மூன்றாகப் பிரித்துத் தொடக்கத்திலேயே வைக்கிறது. இவற்றிலெல்லாம் அழிவது செல்வம், இளமை, உடல். அவ்வழிவைக் கண்டு அறிவுறுத்துகிற குரல் மட்டும் அசையாமல் நிற்கிறது. பௌத்தத்தின் அநித்தம் இதனினும் ஒருபடி மேற்சென்று, கண்டு கூறுகிறவனையும் அம்மாற்றத்திற்குள் கொண்டுவந்துவிடுகிறது. மணிமேகலை தன் இறுதிக் காதைகளில் உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு எனும் ஐந்து கந்தங்களின் கூட்டத்தையே மனிதன் என்கிறது. ஐந்தும் கணந்தோறும் மாறுவன. ஆறாவதாக அவற்றை உடைமை கொள்ளும் ஒருவன் இல்லை.

அப்படியாயின் நினைவுகூர்பவன் யார் என்னும் கேள்வி எழும். மிலிந்தன் வினாக்கள் என்னும் பாலி நூலில் நாகசேனர் அரசனுக்குக் கூறும் விளக்கின் உவமை இதற்கு விடையாகும். இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றே எனவும் இயலாது, வேறு எனவும் இயலாது. முன்னதைச் சார்ந்து பின்னது எழுகிறது. முதுமையில் இளமையை எழுதுகிறவர் அச்சிறுவரே அல்லர். அவருக்கு அயலாரும் அல்லர். தன்வரலாற்று ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைப்பது அரிது.

பீடிகை முன் ஒரு நினைவு

தமிழில் ஒரு பெண் தன் வாழ்வைத் தானே நினைவுகூர்ந்து கூறும் பழைய காட்சிகளுள் ஒன்று மணிபல்லவத்தில் நிகழ்கிறது. புத்த பீடிகையைக் கண்ட மணிமேகலைக்கு முற்பிறப்பு விளங்குகிறது. தான் இலக்குமி என்னும் பெயரினளாக இருந்ததும், கணவன் இராகுலன் திட்டிவிடம் என்னும் பாம்பால் இறந்ததும், தான் தீப்புகுந்ததும் அவள் வாய்மொழியாகவே வருகின்றன. அந்த இராகுலனே உதயகுமரன் என அவள் அறிகிறாள். அவன்பால் தன் நெஞ்சம் சென்றது எதனால் என்னும் கேள்விக்கு அந்நினைவே விடையாகிறது. இங்கு நினைவு பழைய ‘நான்’ ஒன்றை மீட்டெடுத்து மாலை சூட்டும் வேலையைச் செய்யவில்லை. இன்றைய விருப்பம் எதிலிருந்து வந்தது என்று காட்டும் வேலையைச் செய்கிறது. நினைவுக்குப் பின் மணிமேகலை இலக்குமியாகிவிடுவதில்லை. மணிமேகலையாகவும் முன்போல் இருப்பதில்லை.

இக்காப்பியத்தை 1898இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இந்நோக்கில் மீண்டும் படிக்கத்தக்கது. 1940 முதல் 1942இல் அவர் மறையும் வரை ஆனந்த விகடனில் வெளிவந்து முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. பதிப்பு வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் அதனைப் புரட்டாத நாளில்லை. ஆனால் அந்நூல் ஒரு மனிதர் மீண்டும் மீண்டும் வேறொருவராகிய கதையுமாகும். வேங்கடராமனாக வந்த மாணவரிடம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேறு பெயர் உண்டா எனக் கேட்க, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயர் நிலைத்தது. 1880 அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல் படித்திருக்கிறீர்கள் எனக் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என அடுக்கிய பட்டியல் முதலியாரிடம் எந்த வியப்பையும் தோற்றுவிக்கவில்லை. அவர் கேட்டது சிந்தாமணியை. அதுவரை தம் கல்வி என்று எண்ணியிருந்தது ஒரு மாலைப்பொழுதில் சிறுத்துப்போவதை, அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே மனிதர் எழுதுகிறார். அவமானத்தை மறைக்கவில்லை, ஆனால் அது இப்போது அவமானமாகவும் இல்லை. பின்னர் நேர்ந்தவை அனைத்தும் அம்மாலையின் நிறத்தை மாற்றிவிட்டன.

சிந்தாமணிக்காகச் சமணர்களிடமும், மணிமேகலைக்காகப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியரிடமும் கேட்டறிந்த சைவப் பின்னணியினரான அவர், புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றை எழுதி அப்பதிப்பில் சேர்த்தார். தம் சமயமல்லாத ஒன்றுக்குள் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தது அவருடைய ‘நான்’ என்னும் சொல்லில் என்ன செய்தது என்பது ஆய்வுக்குரிய வினா. பதிப்பு ஆண்டுகளைக் கூட்டிக் கழிப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம்.

வறள்நிலத்தின் வாய்மொழி

எழுதப்பட்ட தன்வரலாற்றுக்கு வெளியே, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வாய்மொழியாகக் கிடக்கும் தன்வரலாறுகளுக்கு வரும்போது இச்சிக்கல் கூர்மையடைகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய நிலம் இது. பருத்தியும் மிளகாயும் மல்லியும் கம்பும் குதிரைவாலியும் மானாவாரியாக விளைவது. நஞ்சை என்பது கண்மாய் நிறைந்தால் உண்டு. குண்டாறு திருச்சுழியைத் தொட்டுச் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணல்தான். அருப்புக்கோட்டையிலோ தறி. கைத்தறியில் பிறந்து விசைத்தறியில் முதுமையடைந்த தலைமுறை அங்கு உண்டு. தன் வேலை தன் கண்முன்னே வேறொன்றாவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்தம் வாய்மொழி தனியே ஓர் ஆய்வுக்குரியது.

இந்நிலம் ஆவணங்களிலும் இலக்கியத்திலும் பெரும்பாலும் ஒரே அடைமொழியோடு வருகிறது: வறண்ட பூமி. அடைமொழி நிலைத்துவிட்டால் வரலாறு மறைந்துவிடும். அருப்புக்கோட்டைக்கு வடக்கே ஆவியூரை அடுத்த குறண்டி இன்று ஒரு சிற்றூர். மதுரையைச் சூழ்ந்த மலைகளின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அதனை வெண்பு நாட்டுக் குறண்டி எனவும், அங்கிருந்த திருக்காட்டாம்பள்ளியைச் சமணக் கல்வி நிலையமாகவும் காட்டுகின்றன. அது சமணம், பௌத்தமன்று. எனினும் பள்ளிகளும் மாணாக்கரும் இருந்த நிலத்தை என்றும் வறண்டதாகவே எண்ணிக்கொள்வது நம் நினைவின் பிழை.

களப்பணியில் முதியோர் கூறும் வாழ்க்கைக் கதைகள் பெரும்பாலும் ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். மழை போயிற்று, பிழைப்புப் போயிற்று, காலம் கெட்டுவிட்டது. ஒலிப்பதிவுக் கருவி அங்கு நிறுத்தப்படுகிறது. ஆய்வேட்டில் அது ‘இயற்கைச் சீற்றம்’ என்னும் தலைப்பின்கீழ்ச் செல்கிறது. நிலையாமை பேசும் பழைய குரல் இங்கும் வேலை செய்கிறது: எல்லாம் மாறும், இதுவும் மாறிற்று. பௌத்தம் இதனோடு நிறைவடைவதில்லை. பேதைமை சார்வாகச் செய்கை, செய்கை சார்வாக உணர்வு எனத் தொடங்கிப் பன்னிரண்டு சார்புகளாக விரியும் மணிமேகலையின் நெறி, எந்த ஒன்றும் தானாக வருவதில்லை என்கிறது. மாறிற்று என்றால் எதனைச் சார்ந்து மாறிற்று?

அவ்வினாவோடு கேட்டால் அதே முதியவர் வேறு செய்திகளைக் கூறத் தொடங்குவார். மழை பெய்த ஆண்டிலும் கண்மாய் நிறையவில்லை. ஏனெனில் வரத்துக்கால் தூர்ந்தது. அது தூர்ந்ததற்கு, ஆண்டுதோறும் கூடி மராமத்துச் செய்யும் வழக்கம் அற்றதும், நீர்பாய்ச்சியின் பொறுப்பு மங்கியதும் காரணம். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் சென்றதை அவர் சட்டத்தின் பெயர் கூறாமலே சொல்வார். கண்மாய்க்குள்ளும் புஞ்சையிலும் சீமைக்கருவேல் ஏறியதை வசவோடு சொல்வார்; சற்றுப் பொறுத்து, கரிமூட்டம் போட்டுத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன் என்பதையும் சொல்வார். நிலத்தைக் கெடுத்தது என அவர் திட்டும் மரமே அவர் வீட்டில் அடுப்பெரித்தது. இம்முரண்பாட்டை ‘தகவலாளி நிலையற்ற கருத்துடையவர்’ எனக் குறிப்பது ஆய்வாளரின் வறுமை. காரணங்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை அவர் தம் வாழ்விலிருந்தே கூறுகிறார்.

ஒரு மறுப்பு

இதுவரை கூறியதற்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு. துன்புற்றவர் எழுதிய தன்வரலாற்றின் முன் சென்று, ‘நான் என்பது ஒரு கூட்டம், எல்லாம் மாறுவன’ என்று கூறுவது கொடுமையாகாதா? ‘நான்’ என்று எழுதும் உரிமையே அண்மையில் கிடைத்தவரிடம், அது பொய்த்தோற்றம் என்று கூறுவது யாருக்கு வசதி?

இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. மணிமேகலையே இங்கு நமக்குத் துணையாக நிற்பதில்லை. உதயகுமரன் காஞ்சனனின் வாளால் இறந்தபோது கந்திற்பாவை கூறும் காரணம், அவன் முற்பிறப்பில் சமையற்காரனைக் கொன்ற வினை. இவ்வகைக் காரணத்தைக் கரிசல் காட்டின் கூலித் தொழிலாளிக்கோ சாதியால் ஒதுக்கப்பட்டவருக்கோ பொருத்தினால், பாதிக்கப்பட்டவர் மேலேயே பழி வந்து சேரும். மணிமேகலையில் இருவகைக் காரணங்கள் உள்ளன: முற்பிறப்பின் வினை ஒன்று, சார்பின் வழித் தோற்றம் மற்றொன்று. தன்வரலாற்று வாசிப்புக்கு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிடுதல் வேண்டும். காப்பியத்துக்கு இது நேர்மையான வாசிப்பாகாது எனச் சிலர் கருதலாம். ஆயினும் இத்தெரிவைத் தயங்காமல் செய்தல் வேண்டும்.

அம்பேத்கர் செய்ததும் அதுவே. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய அவர், மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், முற்பிறப்பு வினை இப்பிறப்பின் நிலையை வகுக்கிறது என்னும் கொள்கையை ஏற்கவில்லை. அநித்தத்தை அவர் துயரச் செய்தியாகவும் கொள்ளவில்லை. பொருள்கள் நிலையற்றன என்பதனாலேயே வேறொன்று தோன்ற இடமுண்டு என்று கொண்டார். சாதியும் அப்பொருள்களுள் ஒன்று. அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளான ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ இவ்வகையில் ஈண்டு குறிப்பிடத்தக்கது. 1901இல் தந்தையைக் காணப் புறப்பட்ட சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்கி, வண்டி கிடைக்காமலும் இரவு முழுதும் குடிநீர் கிடைக்காமலும் தவித்ததில் அது தொடங்குகிறது. பரோடா, சாலிஸ்காவ், தௌலதாபாத் எனத் தம் அனுபவங்கள் நான்கு. அதன்பின் ‘நான்’ விலகிவிடுகிறது. மருத்துவர் தொட்டுப் பார்க்க மறுத்ததால் மாண்ட ஒரு பெண்ணின் செய்தியும், அலுவலகத்தில் அச்சுறுத்தப்பட்ட ஓர் எழுத்தரின் செய்தியும் தொடர்கின்றன. தன்வரலாறு என்று தொடங்கியது பிறர் வரலாற்றில் முடிகிறது. இங்கே ‘நான்’ விலகியது துறவினால் அன்று. தனக்கு நேர்ந்ததன் காரணம் தன்னோடு நிற்கவில்லை என்பதனால்.

இதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, வத்திராயிருப்பை அடுத்த மலையடிவாரத்திலிருந்து வந்த பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. அதற்குப் பௌத்தச் சாயல் பூச வேண்டியதில்லை. அது கத்தோலிக்கத் துறவு மடத்திலிருந்து வெளியேறிய ஒருவரின் நூல். ஆனால் அது காலவரிசையில் செல்லவில்லை. ஒரே வாழ்வு உழைப்பு, படிப்பு, விளையாட்டு, வழிபாடு என வெவ்வேறு வாயில்கள் வழியாக மீண்டும் மீண்டும் நுழைந்து பார்க்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ‘நான்’ ‘நாங்கள்’ ஆகிறது. மீண்டும் தனித்து ‘நான்’ ஆகிறது. நிலைத்த ஒருவர் கூறும் நிறைவு பெற்ற கதையாக அதனைப் படிப்போர், அதன் வடிவத்தைக் குறையாகக் காண்பர். மாறுகிற ஒருவர் தம் துயரின் காரணங்களைத் தேடிச் செல்லும் எழுத்தாகப் படித்தால், அவ்வடிவமே அந்நூலின் அறிவு எனத் தோன்றும்.

மேற்கண்ட மறுப்பு இவ்வாறு முற்றும் நீங்கிவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. மாற்றத்தைப் பேசும் எவரும், மாறாதிருப்பதால் பயன் பெறுவோர் யார் என்பதையும் உடன் கேட்க வேண்டும் என்னும் அளவில் அது நம்மைக் கட்டுப்படுத்தட்டும்.

களப்பணி முறைக்கு இதனால் விளைவன சில உண்டு. வாய்மொழித் தன்வரலாற்றை ஒரே அமர்வில் பதிந்து முடிப்பது போதாது. அதே ஆளிடம் ஓராண்டு கழித்து, இயலுமாயின் மழை பெய்த ஆண்டொன்றிலும் பொய்த்த ஆண்டொன்றிலும், அதே வாழ்வை மறுபடி கேட்டுப் பதிதல் வேண்டும். இரண்டும் வேறுபட்டால் எது சரி எனத் தீர்ப்பளித்து ஒன்றை நீக்கிவிடாமல், இரண்டையும் நாளிட்டு வைத்தல் வேண்டும். ‘நான்’ எங்கு ‘நாங்கள்’ ஆயிற்று, செய்வினை எங்குச் செயப்பாட்டு வினையாயிற்று என்பன போன்ற இலக்கணக் குறிப்புகள், உணவு, உடை பட்டியலுக்கு முன்னே இடம்பெறுதல் நன்று. ஆய்வுக்கால வரம்பு இதற்கு இடங்கொடாது என நெறியாளர்கள் கூறுவர், அதுவும் உண்மையே. ஆயினும் முதல் ஆண்டில் பதிந்ததை இறுதி ஆண்டில் மறுபடி கேட்கும் ஒரு பயணத்துக்கு, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் செல்லும் நேரம்தான் ஆகும்.